மரப் பதக்கம் நிரந்தரமல்ல

“இதெல்லாம் ஒரு புத்தகமா?” கைப்பேசியில் நான் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அம்மா கேட்டார். அது ‘சோல்ஸ்மித்’. அமெரிக்க எழுத்தாளர் வில் வைட், பதிப்பகங்களை நாடாமல் தாமே வெளியிட்ட ‘கிரேடில்’ தொடரின் இரண்டாம் பாகம். 2016ல் தொடங்கிய இத்தொடர், 2023ல் 12 பாகங்களுடன் நிறைவடைந்தது. நாயகன் பயிற்சி செய்து ஒவ்வொரு நிலையாக உயர்வதே இவ்வகைக் கற்பனைக் கதைகளின் சுவை. ஆங்கிலத்தில் இதை ‘புரோகிரஷன் ஃபேன்டஸி’ என்கிறார்கள்.

நாயகன் லிண்டன் பிறந்த பள்ளத்தாக்கில் எல்லாரும் தம் நிலையைக் காட்டும் பதக்கம் அணிகிறார்கள். செம்பு, இரும்பு, ஜேட் எனப் படிகள் உண்டு. பொன் நிலை அங்கே வெறும் கதை. சிறுவயதுச் சோதனையில் திறன் எதுவும் தென்படாததால் லிண்டனுக்குக் கிடைத்தது மரப் பதக்கம். குலத்தின் கலைகளையும் அவனுக்குக் கற்றுத்தர மறுத்துவிட்டார்கள்.

இரண்டாம் பாகத்தில் அவன் பள்ளத்தாக்குக்கு வெளியே நிற்கிறான். அங்கே பொன் நிலையினர் சர்வசாதாரணம். ஊரில் அவனை ஏளனம் செய்த பெரியவர்களே அங்கு வந்தால் சிறியவர்கள்தான். அந்த இடத்தில் நான் படிப்பதைச் சற்று நிறுத்தினேன்.

தொடக்கநிலை இறுதியாண்டுத் தேர்வுக்குப் பிறகு நான் வழக்கநிலைப் பிரிவில் சேர்ந்தேன். “எந்தப் பிரிவு?” என்று கேட்ட உறவினர்கள், என் பதிலைக் கேட்டதும் பேச்சை மாற்றினார்கள். 12 வயதில் அதுதான் உலகத்தின் தீர்ப்பு என்று நம்பினேன். அது ஒரு பள்ளத்தாக்கின் அளவுகோல்தான் என்று சொல்ல அன்று யாரும் இல்லை.

ஆனால், ‘முயன்றால் முடியும்’ என்று மட்டும் இக்கதையைச் சுருக்கிவிடக் கூடாது. வெளியுலகில் லிண்டனுக்கு கெஷா என்ற மூதாட்டி தொழில் கற்றுக்கொடுக்கிறார். அவன் உழைப்பு அங்கேதான் பலன் தரத் தொடங்குகிறது. எனக்கும் அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தார். கணிதத்தை ஒருபடி உயர்ந்த நிலையில் எடுத்துப் பார் என்று ஊக்குவித்து, பள்ளி முடிந்த பிறகும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார். முயற்சி என்னுடையது, கதவைத் திறந்தவர் அவர். இன்று பல்கலைக்கழகத்தில் இருக்கிறேன்.

2024ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர்களிலிருந்து விரைவுநிலை, வழக்கநிலைப் பிரிவுகள் இல்லை. பாடங்களை ஜி1, ஜி2, ஜி3 நிலைகளில் படிக்கிறார்கள். இது நல்ல மாற்றம். ஆனால், “நீ ஜி1ஆ, ஜி3ஆ?” என்று நாமே கேட்டுக்கொண்டிருந்தால் பழைய மரப் பதக்கத்துக்குப் புதுப் பெயர் வைத்தவர்களாவோம்.

அடுத்த முறை ஒரு தம்பியையோ தங்கையையோ சந்திக்கும்போது, எந்த நிலை என்று கேட்காதீர்கள். என்ன கற்கிறாய், எதில் உதவி வேண்டும் என்று கேளுங்கள்.