பதிவு எண் அசல். வங்கிக் கணக்கு போலி

தம் பெயரில் உலவும் பங்கு வர்த்தக விளம்பரங்கள் பொய்யானவை என்று இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான நாராயண மூர்த்தி 2023 டிசம்பரிலேயே அறிவித்தார். ஆயினும் அவர் பேசுவதுபோல் உருவாக்கப்பட்ட விடியோவை நம்பி பெங்களூருவாசிகள் சிலர் பல லட்சம் ரூபாயை இழந்தது 2024-இல் தெரியவந்தது.

படித்தவர்களே ஏமாறலாமா என்று கேட்பது எளிது. பங்குச் சந்தை ஒழுங்காற்று அமைப்பான 'செபி'யில் பதிவு பெற்ற நிறுவனமா என்று பார்த்து முதலீடு செய்யுமாறுதான் மக்களுக்கு நெடுங்காலமாக அறிவுறுத்தப்படுகிறது. மோசடிக் கும்பல்கள் காட்டுவதும் அசல் நிறுவனமொன்றின் பெயரையும் பதிவு எண்ணையுமே. எனவே சரிபார்த்தவருக்கும் எல்லாம் சரியாகவே தோன்றும். பணம் போய்ச் சேரும் கணக்கு மட்டும் அந்நிறுவனத்துடையதன்று. கமிஷனுக்காக யாரோ இரவல் கொடுத்த கணக்கு.

இந்த ஓட்டையை அடைக்கவே, பதிவு பெற்ற தரகு நிறுவனங்கள் 'வேலிட்' என்ற சொல் இடம்பெறும் யுபிஐ முகவரியைப் பெறுவதை 2025 அக்டோபர் முதல் செபி கட்டாயமாக்கியது. வங்கிக் கணக்கு எண்ணைச் சரிபார்க்க 'செபி செக்' வசதியும் வந்தது. ஆனால் புதிய முகவரி நிறுவனங்களுக்குத்தான் கட்டாயம். முதலீட்டாளருக்கு விருப்பத் தேர்வே. சோதிக்கும் பொறுப்பு மீண்டும் அவர் தலையிலேயே விழுகிறது. இரவல் கணக்கில் திடீரென லட்சங்கள் வந்து, உடனே வெளியேறுவதை முதலில் காணக்கூடியது வங்கிதான். ஏமாந்தவர் 1930 என்ற எண்ணை அழைப்பதற்குள் பணம் பல கணக்குகளைக் கடந்திருக்கும்.