தேடுபொறியின் வரிசையும் தமிழ்ப் பக்கங்களும்

மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு 1906-ஆம் ஆண்டு ஒரு குறுகிய இருப்புப்பாதை போடப்பெற்றது. 1913-இல் அஃது ஓசூர் வரை நீண்டது. 1941-இல், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அது மூடப்பெற்றது. அவ்வழியில் கடை வைத்திருந்தவன் பிழை எதுவும் செய்தானல்லன். அவன் சரக்கும் கெட்டுவிடவில்லை. வண்டி நின்றது, ஆள் வரவும் நின்றது. இற்றை நாள் இணையத்தில் தமிழ்ப் பக்கம் நடத்துவார் நிலையும் ஏறத்தாழ இதுவே. பாதை இடுவதும் எடுப்பதும் தேடுபொறியின் கையில் உள்ளன.

தேடுபொறி செய்வது யாது? வலைப்பக்கங்களை முன்னரே படித்து, ஒரு பெருஞ் சொல்லடைவு ஆக்கி வைத்துக்கொள்கின்றது. நாம் ஒரு சொல்லை இட்டவுடன், எப்பக்கம் முன், எப்பக்கம் பின் என்று வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. அவ்வரிசையை முடிவு செய்யும் கணக்குநெறியைப் படிமுறை என்கிறோம். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் இலாரி பேச், செர்கே பிரின் என்னும் இருவர் வகுத்து 1998-இல் வெளியிட்ட நெறி எளிமையானது. ஒரு பக்கத்தைச் சுட்டுகின்ற பிற பக்கங்கள் எத்துணை, சுட்டுவாரின் மதிப்பு எத்துணை என்று அது கணக்கிட்டது. ஓர் உரையாசிரியரைப் பிற உரையாசிரியர் மேற்கோள் காட்டுவதை வைத்து அவர் பெருமையை அளப்பது போன்றதென்க.

ஆயின் சுட்டுகளை விலைக்கு விற்பாரும் தோன்றினர். நெறி மாறியது; இன்னும் மாறிக்கொண்டேயிருக்கின்றது. 2011 பிப்ரவரியில் கூகுள் கொணர்ந்த மாற்றத்திற்குப் பாண்டா என்று பெயர். (கரடியின் பெயரன்று, அதில் உழைத்த நவநீத் பாண்டா என்னும் பொறியாளரின் பெயர்.) அமெரிக்க வினாக்களில் 11.8 விழுக்காட்டிற்கு அதனால் வரிசை மாறியதென அந்நிறுவனமே கூறிற்று. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில், சீனம், சப்பானியம், கொரியம் நீங்கலாகப் பிற மொழிகளுக்கும் அது வந்து சேர்ந்தது. 2012 ஏப்பிரலில் வந்த பெங்குவின், பொய்ச்சுட்டுகளை ஒறுத்தது. 2019 திசம்பரில், சொற்றொடரின் பொருளைச் சூழல்கொண்டு உணரும் பெர்ட்டு என்னும் முறை, தமிழ் உள்ளிட்ட 70-க்கு மேற்பட்ட மொழிகளுக்கு விரிந்தது. 2024 மார்ச்சில், பொறிகொண்டு குவியல் குவியலாக ஆக்கப்பெற்ற வெற்றுப் பக்கங்களைத் தள்ளும் பெருமாற்றம் தொடங்கிற்று.

வரிசையில் சிறிது இறங்கினால் என்ன என்று கேட்பாருண்டு. முதற்பக்கத்தில் வரும் பத்து விடைகளே சொடுக்குகளில் ஏறத்தாழ 95 விழுக்காட்டைப் பெறுகின்றன. இரண்டாம் பக்கத்தின் முதல் விடைக்குக் கிட்டுவது ஏறத்தாழ ஒரு விழுக்காடே. இஃது ஐரோப்பிய ஆணையம் 2017-இல் எடுத்துக்காட்டிய கணக்கு. பதினோராம் இடம் ஊருக்கு வெளியே என்றே கொள்க.

இனி, நமக்குக் கசக்கும் செய்தியொன்று சொல்ல வேண்டும். நம் மாவட்டம் நடுகற்களால் பெயர் பெற்றது. அவற்றைப் பற்றி எழுதி வருமாறு என் மாணவர் பன்னிருவரை ஏவினேன். எழுவர் ஒரே பத்தியைக் கொணர்ந்தனர். எழுவரும் 'நடுகல்'லை 'நடுகள்' என்றே எழுதியிருந்தனர். ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினர் என்று சினந்தேன். பிறகு பார்த்தால், ஏழு தளங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று படியெடுத்திருந்தன! ஒரு தளத்தில் வெற்றுப் பக்கங்கள் மிகுந்தால், அதிலுள்ள நல்ல பக்கங்களும் உடன் கீழிறங்குமாறு செய்தது பாண்டா. அவ்வொறுப்பு நம்மவர் பலர்க்கு முறையாகவே வந்தது. பெயரும் சொல்லாமல் பிறர் கட்டுரையை எடுத்து ஒட்டுவது தமிழ்த்தொண்டு ஆகாது.

தனித்தமிழ் அன்பர்க்கு வேறொரு சிக்கலும் உண்டு. மக்கள் இடும் சொல் 'சைக்கிள்'. நம் பக்கத்தில் இருப்பது 'மிதிவண்டி'. இரண்டும் ஒன்றென்று பொறி எங்ஙனம் அறியும்? இரண்டையும் சேர்த்து எழுதிய பக்கங்கள் மிக்கிருந்தால் அறியும், இல்லையேல் அறியாது. பேருந்தும் கணினியும் வேரூன்றியமைக்குப் பாடநூலும் அரசு அச்சும் கரணியம். ஏனைச் சொற்களுக்கு அத்துணை இல்லை. ஆகலின், நம் பக்கங்களில் வழக்குச்சொல்லை ஒருமுறை காட்டிவிட்டு, அடுத்துத் தூயசொல்லை ஆள வேண்டும் என்பேன். தூய்மை கெடுமே என்று சிலர் முகஞ்சுளிப்பர். நீலாம்பிகை அம்மையார் வடசொற்றமிழ் அகரவரிசையில் வடசொல்லை முன்னிறுத்தித்தானே தென்சொல்லுக்கு வழிகாட்டினார்! அதனால் கெட்டதென்ன? ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் கிடக்கும் பக்கங்களையும் மாற்றியாக வேண்டும். அவை பொறிக்கு வெறுங் கிறுக்கலே.

எல்லாப் பழியும் நம்முடையதன்று. வரிசையிடுபவனே கடையும் வைத்திருந்தால் நடுவுநிலை எங்ஙனம் நிற்கும்? பாரத் மேட்ரிமோனியை நடத்தும் சென்னை நிறுவனம் 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்தை அணுகிற்று. 2018 பிப்ரவரி 8-இல் ஆணையம் கூகுளுக்கு ஏறத்தாழ 136 கோடி உருபா தண்டம் விதித்தது. விளம்பரச் சொற்கள் பற்றிய முறையீட்டை அஃது ஏற்கவில்லை. ஆயினும், 2010 வரை தன் தனிவகை விடைகளைக் குறித்த சில இடங்களில் நிலையாக அமர்த்தியதும், வானூர்திப் பயணம் தேடுவார்க்குத் தன் பகுதியையே முன்தள்ளியதும் தவறென்றது. கூகுள் மேல்முறையீடு செய்தது. ஐரோப்பாவிலோ, போட்டியாளரின் விலையொப்பீட்டுப் பக்கங்களைக் கீழிறக்கிய படிமுறை, கூகுளின் ஒப்பீட்டுப் பகுதியை மட்டும் தொடவில்லை என்று கண்டு, 2017-இல் 242 கோடி யூரோ தண்டம் விதித்தனர். 2024 செப்டம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உச்ச வழக்குமன்றம் அதனை உறுதி செய்தது.

ஒரு திருமண நிறுவனம் தன் வணிகத்துக்காக ஆணையம் வரை செல்ல இயன்றது. தமிழ்ப் பக்கங்களுக்காகச் செல்வார் யார்? தமிழ் இணையக் கல்விக்கழகம் அரசின் அமைப்பு. 2001 முதல் இயங்குவது. ஒவ்வொரு நெறிமாற்றத்திற்குப் பின்னும் எத்தமிழ்த் தளங்கள் இறங்கின, எவை ஏறின என்று அது கணக்கெடுக்கலாம். மாற்றத்தைத் தமிழிலும் அறிவிக்கவும், இறங்கியவர் தமிழிலேயே முறையிடவும் வழி செய்யுமாறு அந்நிறுவனத்தை அரசு எழுத்தால் கேட்கலாம். இதற்குப் பெரும்பொருள் வேண்டா. ஓர் அறையும், தமிழும் கணக்கும் அறிந்த நால்வரும் போதும்.