அன்பே நஞ்சாகும் செடி

செடி வாடினால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இலை வெளிறினால் பசளை இட வேண்டும். வீட்டுத்தோட்டம் பற்றி நம்மவர்களிடையே நிலவும் அசையாத நம்பிக்கை இது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஓரளவு பொருந்தும் இந்த விதி புரோட்டியாவுக்குப் பொருந்தாது. நன்கு வேரூன்றிவிட்ட புரோட்டியாவைக் கொல்வது பெரும்பாலும் புறக்கணிப்பு அல்ல, மிகையான கவனிப்பே என்பது எனது உறுதியான கருத்து.

தென்னாபிரிக்கக் கிரிக்கெட் அணியைப் 'புரோட்டியாஸ்' என்று எழுதியும் வாசித்தும் பழகியவர்கள் நாம். அந்நாட்டின் தேசிய மலர் அரச புரோட்டியா. நினைத்த வடிவெடுக்கும் கிரேக்கக் கடல் தெய்வமான புரோட்டியஸின் பெயரை இச்செடிகளுக்கு லின்னேயஸ் 1735 ஆம் ஆண்டில் சூட்டினார். இவற்றுள் பெரும்பாலான இனங்களின் தாயகம் கேப் பிராந்தியம். அதன் மேற்குப் பகுதியில் குளிர்காலத்தில் மழை, கோடையில் வரட்சி. மண்ணோ அமிலத்தன்மை மிக்க, சத்துக் குன்றிய மணல். மலைச்சரிவுகளில் நீர் தங்குவதில்லை.

இந்த வறுமைக்கு ஏற்பவே அதன் வேர்கள் அமைந்துள்ளன. மேல்மண்ணில் கொத்துக்கொத்தாகப் பரவும் மெல்லிய வேர்கள், அங்குள்ள சொற்ப பொஸ்பரஸையும் கரைத்து உறிஞ்சிவிடும். நமது மலையகத் தேயிலைத் தோட்டங்களில் நிழல் தரும் கிரெவில்லியா மரமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. பஞ்சத்தில் வாழப் பழகிய வேருக்கு விருந்து படைத்தால் என்ன நேரும்? எலும்புத்தூள், கோழி எரு, சாதாரண கலப்புப் பசளை ஆகியவற்றிலுள்ள பொஸ்பரஸ் அதற்கு நஞ்சாகிறது. இலைகள் மஞ்சளிக்கின்றன, நுனிகள் கருகுகின்றன. அதைப் பசியென்று எண்ணி மேலும் பசளை இடுபவர், தம் கையாலேயே செடியின் முடிவை எழுதுகிறார். அடுப்புச் சாம்பலும் ஆகாது. அது மண்ணின் அமிலத்தன்மையைக் குறைத்துவிடும்.

ஆகவே, செய்ய வேண்டியவை சிலவே. நிறைந்த வெயிலும் காற்றோட்டமும் வேண்டும். முதல் இரண்டு கோடைகளும் கடந்தபின், நிலத்திலுள்ள செடிக்கு நீண்ட வரட்சியின்போது மட்டும், காலை வேளையில், இலைகள் நனையாதவாறு அடியில் ஆழமாக நீர் ஊற்றினால் போதும். நீர் தேங்கினால் வேரழுகல் நோய் வரும். அதற்கு மருந்து தேடுவதைவிட வடிகால் அமைப்பதே மேல். செடியடியில் மண்வெட்டி படவே கூடாது. களைகளைக் கையால் பிடுங்கி, மரப்பட்டைச் சிதைவுகளால் மண்ணை மூடிவிடலாம். ஆனால் தண்டை ஒட்டிக் குவிக்கலாகாது. பூ வாடியபின் கிளையைக் கத்தரிக்கும்போது, இலைகளுள்ள அரைச்சாண் தண்டையாவது விட்டுவைக்க வேண்டும். இலையற்ற முதிர்ந்த தண்டில் வெட்டினால் பல இனங்கள் மீண்டும் துளிர்ப்பதில்லை. நிலத்தடியில் தடித்த அடிக்கட்டை கொண்ட அரச புரோட்டியா இதற்கு விதிவிலக்கு. காட்டுத்தீக்குப் பின்னும் அது தளிர்க்கும்.

பூச்சாடியில் வளர்ப்போருக்குப் பொறுப்பு சற்று அதிகம். சாடி விரைவில் உலர்வதால் மேல்மண் காய்ந்ததும் நீர் ஊற்ற வேண்டும். அடித்தட்டில் நீர் தேங்கி நிற்கலாகாது. பருமணலும் மரப்பட்டையும் கலந்த, அமிலத்தன்மையுள்ள கலவையே உகந்தது. பசளை அவசியமெனில், பொஸ்பரஸ் மிகக் குறைந்த, மெதுவாகக் கரையும் வகையைச் சிறிதளவு இடலாம். பெரிய சாடிக்கு மாற்றுகையில் வேர்க்கட்டியைக் குலைக்கக் கூடாது.

அவுஸ்திரேலியாவிலும் தென்னாபிரிக்காவிலும் வாழும் நம்மவர்கள் இச்செடியை எளிதில் வாங்கலாம். எருவிட்டு வளர்க்கும் நமது மரபு மேன்மையானதே. எனினும் அதை இச்செடியிடம் காட்டாதிருப்பதே அறிவு என்பேன். செடிகளை விற்போரும் அழகிய பூவின் படத்துடன் 'பொஸ்பரஸ் இடாதீர்' என்ற எச்சரிக்கையையும் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். ஆண்டுக்கணக்காகப் பேணிய செடியைப் பிடுங்கி எறியும் வேதனையை அந்த ஒரு வரி தவிர்க்கும்.

ஓர் உயிருக்குத் தேவையானதைக் கொடுப்பதே பராமரிப்பு. நமக்குக் கொடுக்கத் தோன்றுவதையெல்லாம் கொடுப்பது அன்று.