சொகுசு எஸ்யூவி: உங்கள் தெருவைக் கேட்டு வாங்குங்கள்

பிஎம்டபிள்யூ எக்ஸ்3 நல்லதா, மெர்சிடிஸ் ஜிஎல்சி நல்லதா, ஆடி க்யூ5 எடுக்கலாமா, வோல்வோ எக்ஸ்சி60 பக்கம் போகலாமா? எழுபது லட்ச ரூபாயை ஒட்டிய விலையில் சொகுசு எஸ்யூவி தேடும் வீடுகளில் நடக்கும் வாதம், பெரும்பாலும் குதிரைத்திறனில் தொடங்கி, எத்தனை விநாடியில் நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொடும் என்பதில் முடிகிறது. வாங்கிய பிறகு அந்த வண்டி ஓடப்போவது அண்ணா நகரிலிருந்து கிண்டிக்கு, வேளச்சேரியிலிருந்து சோழிங்கநல்லூருக்கு, பள்ளிக்கூட வாசலுக்கு, கல்யாண மண்டபத்துக்கு. ஏற்காட்டுக்கும் கொடைக்கானலுக்கும் போகும் நான்கைந்து நாள்களை மனதில் வைத்துத் தேர்ந்தெடுத்தால், மீதி நாளெல்லாம் வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான். தினமும் போகும் பாதையும் தினமும் நிறுத்தும் இடமும் சேர்ந்து எடுக்க வேண்டிய முடிவு இது.

வரியும் விலையும்: 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய கார்களுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. தமிழ்நாட்டில் 20 லட்ச ரூபாய்க்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். எழுபது லட்ச ரூபாய் வண்டிக்குச் சாலை வரி மட்டுமே 14 லட்சம். ஐம்பது லட்சத்தை ஒட்டிய பிஎம்டபிள்யூ எக்ஸ்1 போன்ற வண்டிக்கு 10 லட்சம். ஒரு படி பெரிய வண்டிக்குப் போகும்போது எக்ஸ்-ஷோரூம் விலை வித்தியாசத்தை மட்டும் பார்த்தால் போதாது. காப்பீடும் டயரும் உதிரிபாகங்களும் கூடவே ஏறும். அந்தக் கூடுதல் பணம் நமக்கு எதைத் தருகிறது என்று கேட்காமல் முன்பணம் கட்டக் கூடாது.

டேப்பை எடுத்து அளந்து பாருங்கள்: நம் கட்டிட விதிகளின்படி ஒரு காருக்கான இடம் 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். புதிய எக்ஸ்3-இன் அகலம் 1.92 மீட்டர், நீளம் 4.755 மீட்டர். சரியாக நடுவில் நிறுத்தினால் இரு பக்கமும் 29 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். ஸ்டில்ட் பார்க்கிங்கில் ஒரு பக்கம் தூண், மறுபக்கம் அடுத்த வீட்டுக் கார். எழுபது வயது அம்மா அந்த இடைவெளியில் கதவைத் திறந்து, காலை ஊன்றி இறங்க முடியுமா? வெளியிலேயே இறக்கிவிட்டுத்தான் வண்டியை உள்ளே விட வேண்டும். எக்ஸ்1-இன் அகலம் 1.845 மீட்டர், நீளம் 4.5 மீட்டர். அகலத்தில் ஏழரை சென்டிமீட்டரும் நீளத்தில் கால் மீட்டரும் மிச்சம். விவரப் புத்தகத்தில் அற்பமாகத் தெரியும் இந்த மிச்சம், தினமும் இரண்டு முறை நம் பொறுமையைக் காப்பாற்றும். 20 அடித் தெருவில் இரு பக்கமும் கார்கள் நின்றால் நடுவே எட்டரை அடிதான் பாக்கி. பக்கக் கண்ணாடிகளை விரித்தால் இரண்டு மீட்டரைத் தாண்டும் வண்டிகள் அதற்குள் நுழையும்போது எதிரே வரும் ஸ்கூட்டருக்கு வழியில்லை.

நெரிசலில் சோதியுங்கள்: ஞாயிறு காலை ஈசிஆரில் டெஸ்ட் டிரைவ் போனால் எல்லா வண்டியும் நன்றாகத்தான் இருக்கும். வேலை நாளில் மாலை ஆறு மணிக்குக் கத்திப்பாராவிலோ மத்திய கைலாஷிலோ ஓட்டிப் பார்க்க வேண்டும். எக்ஸ்1-இலும் க்யூ5-இலும் இருப்பது ஏழு வேக இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸ். ஊர்ந்து போகும்போது சிறு தயக்கமோ குலுக்கலோ தெரிகிறதா என்று கவனியுங்கள். ஜிஎல்சி, எக்ஸ்3, எக்ஸ்சி60 ஆகியவற்றில் உள்ள டார்க் கன்வெர்ட்டர் கியர்பாக்ஸ் இந்த ஊர்தலுக்கு இயல்பாகவே இசைவானது.

டீசல் வேண்டுமென்றால் முதலில் சொன்ன நான்கு வண்டிகளில் எக்ஸ்3-உம் ஜிஎல்சியும்தான். ஆடியும் வோல்வோவும் இந்தியாவில் டீசலைக் கைவிட்டுவிட்டன. ஆனால், டீசல் காரின் புகைக்கரி வடிகட்டியில் சேரும் கரி எரிய, வண்டி சூடேறித் தொடர்ந்து ஓட வேண்டும். ஐந்து கிலோமீட்டர் அலுவலகம், இரண்டு கிலோமீட்டர் பள்ளி என்று மட்டுமே ஓடினால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். வாரம்தோறும் திருச்சிக்கோ கோவைக்கோ போகிறவர்களுக்கு டீசல் சரி. ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்களுக்கு அது தொல்லை.

சக்கரம் பெரிதானால் பக்கச் சுவர் குறையும்: ஒரே மாடலில் விலை கூடிய வகைக்குப் பெரிய சக்கரம் வரும். சக்கரம் பெரிதாகும்போது டயரின் ரப்பர்ச் சுவர் குட்டையாகிறது. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டி அரைகுறையாக மூடிய பள்ளத்தின் அடி, நேராக ரிம்மிலும் நம் முதுகெலும்பிலும் இறங்கும். ஸ்டெப்னி இருக்கிறதா, ரன்-ஃபிளாட் டயரா என்பதைக் கையெழுத்திடும் முன் கேளுங்கள். பஞ்சரான ரன்-ஃபிளாட் டயர் பொதுவாக 80 கிலோமீட்டர் தூரம்தான் தாங்கும். ராத்திரியில் விழுப்புரம் தாண்டி நின்றால் அந்தக் கணக்கு புரியும்.

உயரமான வண்டி வெள்ளத்தைத் தாண்டிவிடும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. காற்று உள்ளிழுக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் புகுந்தால் எஞ்சினுக்குள் பிஸ்டன் நகர முடியாமல் அதன் இணைப்புத் தண்டு வளைந்துவிடும். 2024 அக்டோபர் மழை எச்சரிக்கையின்போது வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்தினார்கள். அனுபவம் சொல்லித்தந்த அறிவு அது. எஞ்சின் பாதுகாப்பு இணைப்பு இல்லாத காப்பீட்டோடு சென்னையில் சொகுசுக் கார் ஓட்டக் கூடாது.

மின்சாரம் மாற்றிய கணக்கு: மின் கார்களுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம் மட்டுமே. சிங்கப்பெருமாள் கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில் தயாராகும் மின் எஸ்யூவியான நீள ஐஎக்ஸ்1, 2025 ஜனவரியில் 49 லட்ச ரூபாய்க்கு அறிமுகமானது. சக்கரங்களுக்கு இடையிலான நீளம் 2.8 மீட்டர் என்பதால் பின்னிருக்கையில் கால் நீட்டி உட்காரலாம். ஒரு முழு சார்ஜில் ஓடும் என்று நிறுவனம் சொல்லும் 531 கிலோமீட்டரில் கணிசமாகக் கழித்தாலும் நகரில் பல நாளைக்குப் போதும். நெரிசலில் ஊரும்போது கியர் தயக்கம், புகைக்கரி இரண்டும் இல்லை. தடை ஒன்றுதான்: அடுக்குமாடியில் சொந்த சார்ஜர் வைக்கச் சங்கம் ஒப்புக்கொள்ள வேண்டும். தன் பார்க்கிங்கில் தன் செலவில் சார்ஜர் வைப்பதை எளிதான உரிமையாக அரசு ஆக்க வேண்டும்.

தெரு எல்லோருக்கும் சொந்தம்: அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக்கான காப்பீட்டு ஆய்வு நிறுவனம் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, முகப்பு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த முகப்புடைய கார்களைவிடப் பாதசாரி இறக்கும் வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. நடைபாதை இல்லாத தெருக்களில் பிள்ளைகள் நடந்து போகும் ஊர் நம்முடையது. பாரிஸ் மக்கள் 2024 பிப்ரவரியில் வாக்களித்து, வெளியூரிலிருந்து வரும் கனமான எஸ்யூவிகளின் பார்க்கிங் கட்டணத்தை மூன்று மடங்காக்கினார்கள். பெரிய வண்டி பிடிக்கும் இடத்துக்கு ஏற்ற கட்டணத்தை நம் மாநகராட்சிகளும் வாங்க வேண்டும்.

என் பரிந்துரை தெளிவானது. வீட்டில் சார்ஜர் வைக்க முடிந்தால் ஐஎக்ஸ்1. முடியாமல், ஊருக்குள்தான் ஓட்டம் என்றால் பெட்ரோல் எக்ஸ்1, நெரிசல் சோதனையில் அதன் கியர்பாக்ஸ் பிடித்திருந்தால். நெடுஞ்சாலையிலும் அடிக்கடி ஓடி, ஐந்து பேர் சாமானோடு போகும் குடும்பத்துக்கு ஜிஎல்சி. எதை விரும்பினாலும், விற்பனையாளரை வண்டியோடு உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் பார்க்கிங்கில் நீங்களே ரிவர்ஸ் எடுத்து நிறுத்துங்கள். வீட்டுப் பெரியவர்களை ஏற்றி இறக்குங்கள். அந்தச் சோதனைக்கு ஒப்புக்கொள்ளாத ஷோரூமில் ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.