‘சரிங்க’ன்னு சொன்னா புரிஞ்சுதுன்னு அர்த்தமில்லை

மிளகு பறிப்பு வேலையில ரெண்டு வாரமா எழுத முடியல. இன்னிக்கு விவசாயம் இல்லாத ஒரு விஷயம்.

என் மச்சானுக்கு ரெண்டு கிட்னியும் போயிடுச்சு. வாரத்துக்கு ரெண்டு நாள் கொல்லிமலையோட 70 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி, நாமக்கல் போய் டயாலிசிஸ் பண்ணிட்டு, சாயங்காலம் வாந்தி எடுத்துக்கிட்டே ஏறி வருவான். மாற்று கிட்னி வைக்கலாம்னு டாக்டர் சொன்னாரு. தர்றேன்னு முன்வந்தது அவனோட அக்கா, அதாவது என் வீட்டுக்காரி.

சோதனைக்குக் கீழே ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்த வகை, திசு பொருத்தம், இருதயம், நெஞ்சுல காசநோய் இருக்கா, பல்லுல சீழ் இருக்கா, எல்லாம் பார்த்தாங்க. அதுல குறை சொல்ல முடியாது. கடைசியா எங்க மூணு பேரையும் ஒண்ணா உட்கார வச்சு பத்து நிமிஷம் விளக்கம். “புரிஞ்சுதா?” “சரிங்க சார்.” கையெழுத்து வாங்கிட்டாங்க.

பஸ்ஸுல வரும்போது மச்சானைக் கேட்டேன், என்னடா புரிஞ்சுதுன்னு. “புது கிட்னி வச்சுட்டா மாத்திரையே வேண்டாம் மாமா” என்கிறான்! எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அந்தக் கிட்னி வேலை செய்யற வரைக்கும் தினமும் குறிச்ச நேரத்துக்கு மாத்திரை போடணும். நாமளா நிறுத்தினா உடம்பு அந்தக் கிட்னியை எதிரியா நினைச்சுத் தாக்கிடும்.

ராத்திரி வீட்டுக்காரி மெதுவா கேட்டா: “ஒரு கிட்னியோட நான் மறுபடி சுமை தூக்க முடியுமா?” இதை ஏன் அங்கயே கேக்கலைன்னேன். “நீங்களும் அவனும் பக்கத்துல இருக்கீங்க. எப்படிக் கேக்கறது?”

மலைச் சனத்துக்கு ‘சரிங்க’ங்கிறது மரியாதைச் சொல். புரிஞ்சதுக்கு அத்தாட்சி கிடையாது.

என் கருத்து இதுதான். நோயாளி தயாரா இருக்கானான்னு ரத்தத்தைப் பார்த்து மட்டும் முடிவு பண்ணாதீங்க. சொன்னதை அவன் வாயாலேயே திருப்பிச் சொல்லச் சொல்லுங்க. எந்தத் தண்ணி குடிக்கிறான், மாட்டுக் கொட்டகை எவ்வளவு பக்கம்னு கேளுங்க. அந்த மாத்திரை நோய் எதிர்ப்பைக் குறைச்சுடும். முதல் சில மாசம் மண்ணு, சாணிகிட்டயெல்லாம் ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். எங்க ஊர்ல எதுக்கெடுத்தாலும் மூலிகைக் கஷாயம்தான். ஆனா சில மூலிகையும், பம்பளிமாஸ் மாதிரி பழமும் அந்த மாத்திரையோட சேராது. யாராவது கேட்டாத்தானே தெரியும்?

மூளைச்சாவு அடைஞ்சவங்க உறுப்புக்குப் பதிஞ்சு வச்சிருந்தா இன்னொரு சிக்கல். 2008ல திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதி தங்கள் மகன் ஹிதேந்திரனோட உறுப்புகளைத் தந்த பிறகு தமிழ்நாட்டுல அந்த தானம் வளர்ந்திருக்கு, பெருமைதான். ஆனா போன் வந்ததும் சில மணி நேரத்துல போய்ச் சேரணும். சிக்னல் இல்லாத ஊர்க்காரன் என்ன பண்ணுவான்? அதையும் முன்னாடியே பேசி வைக்கணும்.

முக்கியமா, தர்றவங்களைத் தனியா கூப்பிட்டுக் கேளுங்க. 2025ல எங்க மாவட்டத்துலயே பள்ளிபாளையத்துல, கடன் தொல்லையில விசைத்தறித் தொழிலாளிங்க கிட்னி வித்த சேதி வந்துச்சு. 1994லயே சட்டம் இருக்கு, சொந்தம் இல்லாதவங்க தந்தா குழு அனுமதி வேணும். காகிதம் எல்லாம் சரியாத்தான் இருக்கும். ஆளை யாராவது மனசு விட்டுப் பேச விட்டாங்களா?

அடுத்த தடவை நானே வாய் விட்டுக் கேட்டேன். ஒரு நர்ஸம்மா வீட்டுக்காரியை மட்டும் உள்ள கூப்பிட்டு முக்கால் மணி நேரம் பேசினாங்க. நான் வெளிய பெஞ்சுல. வெளிய வந்தவ, “மூணு மாசம் கனம் தூக்கக் கூடாதாம். அதுவரை தோட்டத்தை நீங்க பாத்துக்கணும். தர்றேன்” என்றாள்.

அதே வார்த்தைதான். ஆனா இந்தத் தடவைதான் அது அவ சொன்னது.