மரிக்கொழுந்தின் இடத்தில்

விழா மேடையில் சிறப்பு விருந்தினருக்கு நாம் வழங்கும் பூச்செண்டைச் சற்றே உற்று நோக்குங்கள். நான்கைந்து ரோஜாக்களுக்கிடையே பனித்துளிகளைத் தூவினாற்போல் ஒரு வெண்ணிறச் சிறுபூ நிறைந்திருக்கும். பூக்கடையார் அதனை 'ஜிப்சோபிலா' என்பர். 'பேபீஸ் பிரெத்' என்பது ஆங்கிலேயர் இட்ட செல்லப்பெயர். ஜிப்சத்தை விரும்புவது என்பது கிரேக்க வழிவந்த அதன் பெயரின் பொருள். சுண்ணம் கலந்த வறண்ட நிலமும் குளிர்ந்த காற்றும் அதற்கு உகந்தவை. நம் நெல்வயலின் ஈரமும் தஞ்சையின் வெயிலும் ஒவ்வாதவை.

அழகில் குறையில்லை. தன்னை மறைத்துப் பக்கத்துப் பூவை எடுத்துக்காட்டும் பண்பும் அதற்குண்டு. (அவ்வினச் செடிகளின் வேர்ச்சாற்றைத் துருக்கியர் அல்வாவில் சேர்ப்பராம், நம்மூர் அல்வாக் கடையார் அறிவாரோ!) ஆயினும் மணம்? ஒருமுறை முகர்ந்தவர் மறுமுறை முகர்வதில்லை.

தஞ்சைக் கதம்பத்தை இதனோடு ஒப்பிடுக. மல்லிகை, கனகாம்பரம், அரளி ஆகியவற்றுக்கிடையே மரிக்கொழுந்தையும் மருவையும் செருகி வாழைநாரால் தொடுக்கின்றனர். கனகாம்பரத்துக்கு நிறமுண்டு, மணமில்லை. அக்குறையைத் தீர்ப்பது இடையில் வைத்த பச்சையே. மல்லிகை வாடிய பின்னரும் மணப்பது மரிக்கொழுந்து. இடைநிரப்பிதானே என்று நாம் எளிதாக எண்ணுவதே கதம்பத்தின் உயிர்.

அயல்நாட்டுப் பூ என்பதற்காக நான் வெறுக்கவில்லை. மருவும் நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து வந்ததே. மணமற்ற ஒன்றுக்காக மணமுள்ள ஒன்றைக் கைவிடுவதே வருத்தம் தருகிறது. திருக்குர்ஆனின் அர்ரஹ்மான் அத்தியாயம் 12ஆம் வசனத்தில் உமியுடைய தானியத்தையும் நறுமணச் செடியாகிய ரைஹானையும் ஒருசேர நினைவூட்டுகிறது. நெல் விளையும் நாட்டில் வாழும் நமக்கு அவ்விணைப்பு எத்துணை நெருக்கமானது! ரைஹானை அன்பளிப்பாகத் தந்தால் மறுக்கலாகாது. அது சுமக்க எளியது, மணத்தில் இனியது என்னும் கருத்தில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

மாலை சூட்டுவதை நம் பெரியவர்களுள் சிலர் விரும்புவதில்லை. பூச்செண்டு நம் மேடைக்கு வந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம். கதம்பத்தைக் கழுத்தில் சூட்டவேண்டும் என்பதில்லையே! ஒரு முழம் கதம்பத்தைச் சுருட்டி, வாழையிலையில் பொதிந்து கையில் கொடுக்கலாம். பளபளக்கும் பிளாஸ்டிக் தாளும் வேண்டியதில்லை. கொடுக்கும் பணமும் பூத்தொடுக்கும் நம்மூர்ப் பெண்களின் கைக்கே சேரும்.

தமிழ்த்துறையின் அடுத்த விழாவிலேயே இதனைத் தொடங்கலாம். தஞ்சைப் பூக்காரத் தெருவில் முதல்நாளே சொல்லிவைத்துவிட வேண்டும். மரிக்கொழுந்தை மட்டும் சற்றுக் கூடுதலாக வைக்கச் சொல்லுவோம்.