ஆட்சி மாறினாலும் மேளம் ஓயக் கூடாது

பொங்கல் நாள்களில் சென்னைப் பூங்காக்களிலும் திடல்களிலும் கட்டணமின்றி நடக்கும் ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ எந்த அரசின் தயவையும் நம்பி இருக்கக் கூடாது. அதற்கெனத் தனி அமைப்பும் தனி நிதியும் வேண்டும். அவை இரண்டும் சட்டப்படி உறுதி செய்யப்பட வேண்டும். இந்த விழா ஏற்கெனவே ஒருமுறை நின்றுபோயிருக்கிறது என்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறோம்.

2007இல் கனிமொழியின் முன்முயற்சியில், தமிழ் மையம் அமைப்பும் தமிழக அரசும் கைகோத்துத் தொடங்கிய விழா இது. கரகாட்டமும் ஒயிலாட்டமும் தெருக்கூத்தும் பறையும் கிராமத்துக் கோயில் வாசல்களிலிருந்து சென்னையின் பூங்காக்களுக்கு வந்தன. 2011 ஜனவரி வரை ஆண்டுதோறும் நடந்தது. அந்த ஆண்டு மே மாதம் ஆட்சி மாறியது, விழாவும் நின்றது. மீண்டும் 2023 ஜனவரியில்தான், கலை பண்பாட்டுத் துறை நடத்த, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் தீவுத் திடலில் தொடங்கிவைத்தார். இடையில் பதினோரு பொங்கல் போயிருந்தது. 2007இல் அப்பாவின் தோளில் உட்கார்ந்து பொய்க்கால் குதிரை பார்த்த நான்கு வயதுக் குழந்தை, விழா திரும்பி வந்தபோது கல்லூரியை முடிக்கும் வயதில் இருந்தது. 2011 ஜனவரிக்குப் பின் பள்ளிப் பருவம் முடியும்வரை அந்தக் குழந்தைக்குச் சொந்த ஊர்ப் பூங்காவில் ஒரு நையாண்டி மேளம் கேட்கக் கிடைக்கவில்லை.

இதில் ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. தொடங்கியவர்கள் அதை நிறுவனமாக ஆக்கிவைக்கவில்லை. வந்தவர்கள் அதை முந்தைய ஆட்சியின் விழாவாக மட்டுமே பார்த்தார்கள். இழப்பு யாருக்கு என்பதை இரு தரப்பும் எண்ணிப் பார்க்கவில்லை.

முதல் இழப்பு கலைஞர்களுக்கு. ஆடியிலும் பங்குனி, சித்திரையிலும்தான் கோயில் கொடைகளும் திருவிழாக்களும் அவர்களுக்கு வேலை தருகின்றன. மற்ற மாதங்களில் வயல் வேலை, சுமை தூக்குவது, வண்ணம் அடிப்பது என்று பிழைப்பவர்கள் ஏராளம். தை மாதத்தில் நான்கைந்து நாள் சென்னையில் ஆடக் கிடைப்பது வருமானம் மட்டுமன்று. அங்கே பார்த்துவிட்டுக் கல்லூரி விழாவுக்கும் திருமண வரவேற்புக்கும் அழைப்பவர்கள் உண்டு. அந்த அழைப்புகளில்தான் குழுக்கள் கலையாமல் நிற்கின்றன. குழு கலைந்துவிட்டால் தவில்காரரையும் பம்பைக்காரரையும் மறுபடி ஒன்று சேர்ப்பது எளிதன்று.

வருமானத்தைவிடப் பெரிய விஷயமும் ஒன்று உண்டு. பறையைச் சாவு வீட்டோடும் சாதியோடும் கட்டிவைத்த ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அதே பறை பூங்காவில் ஒலிக்கும்போது, எல்லாச் சாதிக் குடும்பங்களும் புல்தரையில் உட்கார்ந்து கேட்கின்றன. நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு மேடைக்குப் பின்னால் போனால் அதைக் கண்ணால் பார்க்கலாம். தை மாதப் பனியில் தோல் தளர்ந்திருக்கும். கொஞ்சம் வைக்கோலைக் கொளுத்தி, பறையின் முகத்தைத் தீயில் காட்டிக் காட்டி எடுப்பார்கள். கலைஞர் விரலால் தட்டிப் பார்ப்பார். போதவில்லை என்றால் மறுபடி தீயில் காட்டுவார். மந்தமாக இருந்த ஓசை கணீரென்று மாறும். சுற்றி நிற்கும் பிள்ளைகள் நாங்களும் தட்டிப் பார்க்கலாமா என்று கேட்பார்கள். அவர் அடிக்குச்சியையும் சிம்புக்குச்சியையும் அவர்கள் கையில் கொடுத்து, பிடிக்கும் முறையைக் காட்டுவார். இந்த ஐந்து நிமிடத்தைக் கட்டணம் வாங்கும் அரங்கத்தில் தர முடியாது. அங்கே கலைஞருக்கும் பார்ப்பவருக்கும் நடுவில் திரையும் காவலரும் இருப்பார்கள். பூங்கா என்பதால்தான் இது நடக்கிறது.

இலவசம் என்றால் மதிப்பிருக்காது என்கிறார்கள். தமிழர்கள் இசையைக் காசு கொடுத்துக் கேட்கத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான். சென்னையின் டிசம்பர் இசைவிழாவுக்கு வித்திட்ட இசை மாநாடு 1927இல் நடந்தது. மறு ஆண்டு மியூசிக் அகாடமி பிறந்தது. அதற்கு முன்பும் பின்பும் பெரிய நாகசுர வித்துவான்களைச் சாதாரண மக்கள் கேட்டது சாமி புறப்பாட்டில், தெருவில் நின்றுகொண்டுதான். திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இன்றும் காவிரிக் கரையில் எல்லோருக்கும் திறந்தே நடக்கிறது. அதன் மதிப்பு குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. கேட்பவருக்கு இலவசம் என்பதால் கலைஞருக்கும் இலவசம் என்று ஆகிவிடக் கூடாது. அதில் மட்டும் கவனம் வேண்டும். ஊதியம் நிகழ்ச்சி முடிந்த அன்றே கையில் கிடைக்க வேண்டும். பயணச் செலவு, தங்குமிடம், பெண் கலைஞர்கள் உடை மாற்றத் தனி அறை ஆகியவற்றை விதியாகவே எழுதிவைக்க வேண்டும். மேடைப் பலகையில் ‘கரகாட்டக் குழு’ என்று பொதுவாக எழுதாமல் ஆசான் பெயரும் ஊர்ப் பெயரும் போட வேண்டும்.

மழைநீர் வடிகாலுக்கே பணம் போதாத ஊரில் ஆட்டபாட்டத்துக்கு அரசுப் பணமா என்ற கேள்வியும் வருகிறது. வடிகால் கட்டாயம் வேண்டும்தான். ஆனால், இந்த ஊரில் குடும்பத்தோடு காசு செலவழிக்காமல் ஒரு மாலையைக் கழிக்க என்ன இருக்கிறது? கடற்கரையும் பூங்காவும்தான். அவற்றையும் நாம் காத்த லட்சணம் தெரிந்ததே. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன் முயற்சியில் 116 ஏக்கரில் மக்கள் பூங்கா உருவானது. மக்கள் காற்று வாங்க வந்து, பாண்டு வாத்தியம் கேட்ட இடம் அது. விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, நேரு விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக அந்த நிலத்தில் எழுந்தன. மிஞ்சியது மை லேடீஸ் பூங்கா என்ற சிறு துண்டு. மக்கள் கூடிப் பயன்படுத்தாத வெற்றிடத்தின் மேல் ஏதாவது ஒரு கட்டடத்தின் கண் விழுந்துகொண்டேதான் இருக்கும். ஆண்டுதோறும் ஒரு திருவிழா நடக்கும் பூங்காவில் கை வைக்க எந்த அதிகாரியும் தயங்குவார்.

ஒலிபெருக்கித் தொல்லை பற்றிய புகார் நியாயமானது. அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. பிள்ளைகளும் முதியவர்களும் வரும் விழாவை ஒன்பது மணிக்கே முடித்துவிடலாம். பறைக்கும் தவிலுக்கும் நாகசுரத்துக்கும் ராட்சத ஒலிபெருக்கி எதற்கு? திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியங்கள் அவை. பாட்டுக்கும் வில்லுப்பாட்டின் கதைக்கும் மட்டும் ஒலிவாங்கி போதும். தீவுத் திடல் போன்ற பெரிய இடங்களில் பிரம்மாண்ட மேடை போடுவதைக் குறைத்து, நடேசன் பூங்கா, நாகேஸ்வரராவ் பூங்கா, ராயபுரம் ராபின்சன் பூங்கா போல வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய இடங்களைக் கூட்டினால் சத்தமும் குறையும், நெரிசலும் குறையும். மாநகராட்சியின் பராமரிப்பில் 700க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. வடசென்னைக்கும் புதிதாகச் சேர்ந்த புறநகர்ப் பகுதிகளுக்கும் அவற்றில் உரிய பங்கு தர வேண்டும்.

நிலைக்க வைப்பது எப்படி என்பதற்கு வெளியில் நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. சான் பிரான்சிஸ்கோவில் ஸ்டெர்ன் குரோவ் என்ற பூங்காவை, மறைந்த கணவரின் நினைவாக ரோசலி ஸ்டெர்ன் 1931இல் நகருக்குக் கொடுத்தார். 1938இலிருந்து அங்கே கோடைகாலத்தில் இலவச இசைவிழா நடக்கிறது. நிலம் நகராட்சியினுடையது; விழாவை நடத்துவது லாப நோக்கமற்ற ஒரு சங்கம். அதே நகரின் கோல்டன் கேட் பூங்காவில் வாரன் ஹெல்மன் என்ற முதலீட்டாளர் 2001இல் தொடங்கிய இலவச இசைவிழா, 2011இல் அவர் இறந்த பின்னும் அவர் ஒதுக்கிவைத்த பணத்தில் தொடர்ந்தது. பிரான்சில் 1982இல் பண்பாட்டு அமைச்சர் ஜாக் லாங் காலத்தில் தொடங்கிய இசைத் திருநாள், எத்தனையோ ஆட்சிகள் மாறியும் ஜூன் 21 அன்று தெருவெங்கும் நடக்கிறது. தொடங்கியவரின் பதவியையோ ஆயுளையோ நம்பி அவை இல்லை.

நமக்குக் கலை பண்பாட்டுத் துறை இருக்கிறது, இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது, நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. இவற்றின் பிரதிநிதிகளோடு, பெரும்பான்மையினர் கலைஞர்களாக இருக்கும் ஓர் அறக்கட்டளையைச் சட்டமன்றம் நிறுவ வேண்டும். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவருக்கும் அதில் இடம் தர வேண்டும். ஆளுங்கட்சியின் விழா என்ற பேச்சு அப்போதுதான் அடங்கும். வைப்புநிதியாக ஒரு தொகையை ஒதுக்கி, அதன் வட்டியில் விழா நடக்கட்டும். கணக்கு ஆண்டுதோறும் வெளியாகட்டும். விழா மேடையில் தலைவர்களின் படமும் நீண்ட வாழ்த்துரைகளும் வேண்டாம். எந்தப் பூங்காவில் எந்தக் குழு, எத்தனை மணிக்கு என்ற விவரம் மார்கழி பிறக்கும்போதே மக்களுக்குத் தெரிந்தால், வெளியூரிலிருந்தும் குடும்பத்தோடு வருவார்கள்.

இதற்குப் புதிய துறையோ புதிய கட்டடமோ தேவையில்லை. ஒரு சட்டமும் ஒரு நிதி ஒதுக்கீடும் போதும். சட்டமன்றத்தில் எல்லாக் கட்சிகளும் சேர்ந்து அடுத்த பொங்கலுக்கு முன்பே இதை நிறைவேற்ற வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.